இருபதாயிரம் ரூபாய் லேப்டாப்: ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது

பின்னணி

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கும் ஒரு நடுத்தர ஏற்றுமதி பனியன் கம்பெனி. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும் சொந்தக் கட்டடத்தில். மற்றதெல்லாம் ஜாப் ஒர்க், அதாவது கூலி கொடுத்து வெளியில் செய்து வாங்குவது. நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார்கள். துணி அங்கிருந்து சாயத்துக்குப் போகும். அப்புறம் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்கி எடுப்பது), பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். நிட்டிங் 15 வேலம்பாளையம் பக்கம். சாயத்தில் பாதி அருள்புரத்தில், மீதி பெருந்துறை சிப்காட்டில். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட சமயத்தில் பெருந்துறைக்குத் துணி அனுப்ப ஆரம்பித்தவர்கள், அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

இப்படி வேலை ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால் ஆட்கள் வண்டியிலேயேதான் இருப்பார்கள். பேப்ரிக் பார்க்கிற இரண்டு பேர் காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் என்று சுற்றி, இருட்டிய பிறகுதான் ஆபீசுக்கு வருவார்கள். துணி ரோல் ஒவ்வொன்றின் எடையையும் டிசி புத்தகத்தின் (சரக்கோடு போகும் டெலிவரி சலான் புத்தகம்) பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் மறுநாள் அதை டைப் செய்வார். அந்தக் கையெழுத்தை அவரால் மட்டும்தான் படிக்க முடியும்.

இதில்தான் சிக்கல். சாயம் போட்டு வரும் துணி எப்போதும் கொஞ்சம் எடை குறைந்துதான் வரும். பிராசஸ் லாஸ் என்று அதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். குறைவு அந்தக் கணக்கைத் தாண்டினால் துணி இறங்கும் இடத்திலேயே கேட்டாக வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், "அன்னைக்கே சொல்லியிருந்தா பாத்திருப்போமுங்க" என்று சாயப்பட்டறையில் கையை விரித்துவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அதற்குள் துணி கட்டிங் டேபிளுக்கே போயிருக்கும்.

அதனால் வெளியில் சுற்றும் எல்லோருக்கும் கையோடு எடுத்துப் போக ஒரு சின்ன லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று 2024 நடுவில் ஓனர் முடிவு செய்தார். ஒன்றுக்கு ஜிஎஸ்டியோடு சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

முதல் கொள்முதல்

தேர்வு செய்தது ஓனரின் மகன். ஆன்லைனில் விலை வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்து, ஒரே மாடலில் ஒன்பது வாங்கினார். மெர்ச்சண்டைசர்கள் (பையரோடு பேசி ஆர்டரை ஓட்டுபவர்கள்) நான்கு பேர், பேப்ரிக் பார்ப்பவர்கள் இரண்டு பேர், கியூசி எனும் தரப் பரிசோதனையில் இரண்டு பேர், கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர். ஒருவருக்கு ஒன்று, ஒருவருக்கு இன்னொன்று என்றால் மனஸ்தாபம் வரும் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி.

இயந்திரம் இதுதான்: 11.6 அங்குலத் திரை, 1366க்கு 768 பிக்சல், செலரான் சிப், போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு (மலிவான இயந்திரங்களில் வரும் வகை), விண்டோஸ் 11 எஸ் மோட். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. உள்ளே ஃபேன் கிடையாது. லேன் பாயின்ட் கிடையாது. யுஎஸ்பி இரண்டு. விலைக்கு மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆர்டர் போட்டது மகனின் சொந்தக் கணக்கில். கம்பெனியின் ஜிஎஸ்டி எண் பில்லில் ஏறவில்லை. இருபதாயிரத்தில் 18 சதவீத வரி என்பது சுமார் 3,000 ரூபாய். கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளக்கூடிய அந்த உள்ளீட்டு வரி ஒன்பது இயந்திரத்துக்கும் கைவிட்டுப் போயிற்று. ஆடிட்டர் சொல்லித்தான் இது தெரிந்தது.

மூன்று மாதத்தில் தெரிய வந்தவை

அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொடுக்க என்னைக் கூப்பிட்டது இதற்குப் பிறகுதான். தீபாவளி போனஸ் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். "லேப்டாப் எல்லாம் ஸ்லோவா இருக்குது, ஃபார்மட் பண்ணிக் குடுத்துருங்க" என்றுதான் சொன்னார்கள். ஒன்பதில் நான்கு மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மட்டும் தினமும் வெளியில் போய் வந்துகொண்டிருந்தன. அந்த இரண்டும் பேப்ரிக் பார்ப்பவர்களுடையவை. அவர்கள் ஸ்லோ என்று புகார் சொல்லவே இல்லை. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. ஃபார்மட் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் சேமிப்பு. அட்டைப்பெட்டியில் 64 ஜிபி என்று இருக்கும். விண்டோஸ் காட்டும்போது 58 அளவுக்குத்தான் காட்டும். அதில் விண்டோஸே ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். அப்டேட் வரும்போது தற்காலிகமாக இன்னும் சில ஜிபி கேட்கும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தகுதியே 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்புதான். ஆக, பெட்டியைப் பிரிக்கும்போதே இந்த இயந்திரம் விளிம்பில்தான் நிற்கிறது. மெர்ச்சண்டைசருக்கு பையர் அனுப்பும் டெக் பேக் (உடுப்பின் அளவும் விவரமும் அடங்கிய கோப்பு), ஆர்ட்வொர்க், வாட்ஸ்அப்பில் தினமும் குவியும் படங்கள் எல்லாம் சேர்ந்து சில வாரங்களில் டிரைவ் சிவப்பாகிவிட்டது. அப்டேட் பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஸ்லோ என்று அவர்கள் சொன்னதில் பாதி இதுதான்.

மீதிப் பாதி ராம். பையரின் போர்ட்டல், ஜிமெயில், ஒரு பெரிய எக்செல், வாட்ஸ்அப், ஒரு பிடிஎஃப். மெர்ச்சண்டைசருக்கு இந்த ஐந்தும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். 4 ஜிபியில் நடக்காது. ராம் கூட்டிப் போடவும் வழியில்லை.

எஸ் மோட் சங்கதி சீக்கிரம் முடிந்தது. அந்த மோடில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் ஆப் மட்டும்தான் ஏறும். டாலி ஏறாது, டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் ஏறாது. காசில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. திரும்பிப் போக வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை. ஒன்பதையும் மாற்றிவிட்டேன்.

திரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டி அண்ட் ஏ ஷீட்டை (எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை) 768 பிக்சல் உயரத்தில் திறந்தால் எக்செல்லின் மேல் பட்டைகள் போக இருபது வரிசைக்குக் கொஞ்சம் மேல் தெரிந்தால் பெரிசு. ஐம்பது ஸ்டைல் ஓடும் ஆர்டரில் மெர்ச்சண்டைசர் பெண்கள் மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் எழுத்தை 60 சதவீதமாகச் சுருக்கி வைத்துக்கொண்டு முகத்தைத் திரைக்குள் நுழைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்குள் இருக்கும் நேரத்தில் பழைய டெஸ்க்டாப்புக்கே திரும்பிப் போனார். டிராயருக்குள் முதலில் போன லேப்டாப் அவருடையது.

சாயப்பட்டறையில் ஒரு நாள் பார்த்தது இன்னும் தெளிவு. பையர் அனுப்பிய ஒரு ஸ்ட்ரைக்-ஆஃப் (பிரிண்ட் மாதிரித் துண்டு) படத்தைத் திரையில் வைத்து, டையிங் மாஸ்டரும் கியூசி அக்காவும் இரண்டு பக்கமிருந்து குனிந்து பார்த்தார்கள். மாஸ்டர் கொஞ்சம் நீலம் தூக்கலாக இருக்கிறது என்றார். அக்கா சாம்பல்தானே என்றார். இரண்டு பேரும் சரி. மலிவான டிஎன் பேனலில் கோணம் மாறினால் நிறம் மாறும். மாஸ்டர் திரையின் மேல்முனையைப் பிடித்து இரண்டு விரல் பின்னால் சாய்த்தார். இப்போது அவருக்கும் சாம்பல். ஷேடை எந்தத் திரையிலும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, லைட் பாக்ஸுக்குள் டி65, டிஎல்84 வெளிச்சத்தில் துணியை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரத்துக்குப் படத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும் ஐபிஎஸ் திரை வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. "ரெண்டு பேரு சேந்து பாக்கற மாதிரி இருக்கோணும்" என்றார் அக்கா. அதற்குப் பெயர் ஐபிஎஸ்.

அதே அக்காதான் கியூசிக்கு லேப்டாப்பே வேண்டாம் என்றவர். "இத வெச்சுட்டு நானு என்ன பண்றது தம்பி? டேமேஜ போட்டோ புடிக்கறதுக்குக்கூட ஆகாது." அது உண்மை. இந்த விலையில் வரும் கேமரா வீடியோ காலுக்கே தள்ளாடும். ஓட்டை, ஆயில் கறை, பாரே (துணியில் தெரியும் பட்டைக் கோடு) எல்லாம் போனில்தான் எடுக்கிறார்கள்.

பேப்ரிக் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஏன் இது பிடித்துப்போயிற்று? ஒருவரோடு பெருந்துறைக்குப் போனேன். துணி ஏற்றும் இடத்தில் ஒரு மூட்டைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். பையிலிருந்து ஒரு யுஎஸ்பி நம்பர் பேடை எடுத்துச் சொருகினார். கம்பெனி வாங்கிக் கொடுத்ததில்லை. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சில நூறு ரூபாய்க்கு அவராக வாங்கியது. இடது கையில் டிசி புத்தகம், வலது கை நம்பர் பேடில். தராசுக்காரர் கத்தக் கத்த, திரையைப் பார்க்காமலே 21.450, 20.880 என்று போய்க்கொண்டே இருக்கிறது. "கீபோர்டுக்கு மேல இருக்கற நம்பரு ரெண்டு கை கேக்குதுங்கண்ணா. ஒரு கைல புக்கு புடிச்சுக்கோணுமுல்லீங்க. அந்தப் புள்ளி வேற ஷிஃப்ட்டுக்குப் பக்கத்துல ஒளிஞ்சுட்டிருக்குது."

போனிலேயே அடிக்கலாமே, போனில் நம்பர் பலகை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. பேசி வைத்தார், மறுபடி அடித்தது. "பாத்தீங்கல்ல? இதுல ஷீட்ட தொறந்தா நானு எந்த ரோல்ல இருந்தேன்னே மறந்துருமுங்க." இந்தப் பதில் எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. அவருக்கு லேப்டாப்பின் பெரிய பலன், அது போன் இல்லை என்பதுதான்.

இன்னும் இரண்டு அவருக்கு முக்கியம். ஒன்று பேட்டரி. துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. பெரிய பட்டறைகளில் ஜெனரேட்டர் ஓடினாலும் லேப்டாப்புக்கு பிளக் பாயின்ட் தேடி அலைய முடியாது. இந்தச் சின்ன இயந்திரம் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றது. இன்னொன்று, ஃபேன் இல்லாதது. நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஓனர் மகனின் விலையுயர்ந்த சொந்த லேப்டாப்பைத் திறந்தபோது ஹீட் சிங்க் வாயில் பஞ்சு ஒரு சின்னக் கம்பளித் துண்டு போலப் படிந்து கிடந்தது. இடுக்கியால் பிடித்து முழுசாக உரித்து எடுத்தேன். ஃபேன் இல்லாத ஒன்பதிலும் உள்ளே தூசி என்று சொல்ல ஒன்றுமில்லை.

அவர் வெறுத்தது சார்ஜரை. ஊசி போன்ற சின்ன உருளைப் பின். அருள்புரத்தில் மறந்து வைத்துவிட்டு வந்தால் வேறு எவருடையதும் பொருந்தாது. போன் சார்ஜர் ஏறாதா என்று ஒன்பது பேருமே கேட்டிருக்கிறார்கள்.

கணக்குப் பிரிவுப் பெண்ணின் விஷயம் வேறு. அவர் நகர்வதே இரண்டு மேஜைக்கு நடுவில்தான். லேன் இல்லாததால் ஒரு யுஎஸ்பியில் லேன் அடாப்டர், இன்னொன்றில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். மவுஸுக்கு இடம் இல்லை. சரக்கு அனுப்ப இ-வே பில் போட ஆள் காத்து நிற்கும்போது அவர் ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் சொருகிக்கொண்டிருப்பார்.

ஒரு சின்ன விலகல்

இந்தக் குறைகள் புதிதல்ல. 2007 அக்டோபரில் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற சின்னக் கணினியைக் கொண்டுவந்தது: 7 அங்குலத் திரை, 800க்கு 480 பிக்சல், 512 எம்பி ராம், 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ். நெட்புக் என்ற வகை அதிலிருந்து பரவியது. வாங்கியவர்கள் விலையையும் எடையையும் கொண்டாடினார்கள். விரல் கீபோர்டில் இடறுகிறது, பக்கம் முழுசாகத் தெரியவில்லை, இடம் போதவில்லை என்று புலம்பினார்கள். அடுத்தடுத்து 9, 10, 11.6 அங்குலம் என்று திரை வளர்ந்துகொண்டே போனது. 2013 வாக்கில் அந்த வகையே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. வாங்குபவர்கள் தங்கள் பணத்தாலேயே சொன்ன பதில் அது.

நம் ஊரில் சின்னத் திரை பிடிக்காமல் போக இன்னொரு காரணமும் உண்டு. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த பல மாடல்கள் 14 அங்குலம். இந்தக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர்களில் மூன்று பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். லேப்டாப் என்றால் அவர்கள் விரல் பழகியது அதில்தான். 11.6 அங்குலத்தைக் கையில் வாங்கியதும் ஒருவர், "இது பாப்பாவுக்கு வாங்குனதுங்களா சார்?" என்று கேட்டாராம். ஓனர் மகன் இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். சின்னதாக வேண்டும் என்று அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சுமக்க லேசாக, சார்ஜருக்கு அலையாமல், இதுதான் அவர்கள் விருப்பம். இந்த விலையில் லேசாக வேண்டும் என்றால் கடையில் சின்னதுதான் கிடைக்கிறது.

எடுத்த முடிவுகள்

எல்லோருக்கும் ஒரே மாடல் என்பதை முதலில் கைவிட்டோம். ஓனருக்கு இது பிடிக்கவில்லை. எதற்கு மறுபடி செலவு என்பதைவிட, ஆளுக்கு ஒரு நீதி என்று பேச்சு வரும் என்பதுதான் அவர் கவலை. யாருடைய வேலைக்கு எது என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னேன். அது போதுமாக இருந்தது.

கணக்குப் பிரிவுக்கு லேப்டாப்பே வேண்டாம். பழைய டெஸ்க்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டு, பெரிய மானிட்டர் ஒன்று வைத்தோம். அந்தப் பெண் வேறு எதையும் கேட்கவில்லை.

மெர்ச்சண்டைசர்களுக்கு, 2025 பொங்கல் கழித்து, கோயம்புத்தூர் கடை ஒன்றில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்பது) பிசினஸ் லேப்டாப் நான்கு. 14 அங்குலம், 1920க்கு 1080 ஐபிஎஸ் திரை, ஐ5 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, டைப்-சி சார்ஜிங். ஒன்றரைக் கிலோ. அதே இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள்தான். எட்டாம் தலைமுறையில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஏழாம் தலைமுறை நாலாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. ஆனால் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் முறையாக ஒப்புக்கொள்ளும் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் எட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடியப்போகிறது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. ஒன்பது மாதத்துக்காக ஏழாம் தலைமுறை வாங்குவது வீண்.

புதுசாகவே வாங்கியிருக்கக் கூடாதா? அதே திரையும் ராமும் புதிதில் வேண்டுமென்றால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ரீஃபர்பிஷ்டில் என்ன போகிறது என்றால் பேட்டரி நம்பிக்கை, நீண்ட வாரண்டி. பேட்டரியைப் புதிதாக மாற்றித் தர வேண்டும், ஆறு மாத வாரண்டி பில்லிலேயே எழுத வேண்டும் என்று பேசி வாங்கினோம். பில் விஷயத்தில் இன்னொன்றும் பார்த்தோம். பழைய பொருள் விற்கும் சில கடைகள் லாபத்தின் மேல் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறையில் இருப்பார்கள். அவர்களிடம் வாங்கினால் முழு விலைக்கும் உள்ளீட்டு வரி கிடைக்காது. முழு விலைக்கும் வரி போட்டு பில் தருகிற கடையாகப் பார்த்தோம்.

பேப்ரிக் பார்க்கும் இருவரிடமும் சின்ன இயந்திரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அதில் இருந்த தேவையில்லாத சங்கதிகளையெல்லாம் நீக்கி, பிரவுசர், கூகுள் ஷீட், வாட்ஸ்அப் மட்டும் வைத்தேன். ஷீட்டில் நெட் இல்லாதபோதும் எழுத ஆஃப்லைன் வசதியை இயக்கிவைத்தேன். பட்டறைகளுக்குள் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு நம்பர் பேட், ஆளுக்கு இரண்டு சார்ஜர். சார்ஜரில் ஒன்று பெருந்துறைப் பட்டறையிலேயே இருக்கும்.

லினக்ஸ் போட்டால் இன்னும் வேகமாக ஓடும் என்பது எனக்குத் தெரியும். போடவில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சாயப்பட்டறையில் ஏதாவது நின்றுபோனால் பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவர் உதவ வேண்டும். அந்த யாரோ ஒருவருக்குத் தெரிந்தது விண்டோஸ்தான். குரோம்புக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோதும் இதே காரணம்தான்.

கியூசி இருவருக்கும் சேர்த்து ஒன்று. படம் எடுப்பது போனிலேயே. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அமுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். பையருக்குப் போகும் டேமேஜ் படங்களில் தையல் நூல் தெரிய ஆரம்பித்தது.

மிச்சம் ஆறில் ஒன்று பேக்கிங் பிரிவுக்குப் போனது. கார்ட்டன் எடை ஏற்றுவதும் ரோல் எடை ஏற்றுவதும் ஒரே வேலைதான். அங்கும் ஒரு நம்பர் பேட். மூன்று ஸ்டாண்ட்பை. இரண்டை ஆபீஸ் ஆட்களே பாதி விலைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு

எடை, துணி இறங்கும் இடத்திலேயே ஷீட்டில் ஏறிவிடுகிறது. வரம்பைத் தாண்டிய லாட்டில் அந்தக் கட்டம் சிவப்பாக வரும்படி செய்திருந்தேன். முதல் மாதம் சாயப்பட்டறைகளில் இதை ரசிக்கவில்லை. ஒரு மாஸ்டர், "உங்க தராச மொதல்ல சரி பாருங்க" என்றார். பார்த்தோம். ஒரு தராசு நிஜமாகவே தப்பாகத்தான் இருந்தது, நம் பக்கத்துத் தராசு. அதைச் சரிசெய்த பிறகு பேச்சு அமைதியாக நடக்கிறது. சண்டை குறைந்ததா என்று கேட்டால், சண்டை சீக்கிரம் வந்து சீக்கிரம் முடிகிறது.

2025 மே மாதம் சின்ன இயந்திரம் ஒன்று ஆன் ஆகவே இல்லை. இஎம்எம்சி சேமிப்பு போர்டோடு பற்றவைத்தது. அது போனால் போர்டையே மாற்ற வேண்டும், போர்டு விலைக்கு இன்னொரு லேப்டாப்பே வாங்கிவிடலாம். தூக்கி வைத்துவிட்டு ஸ்டாண்ட்பையில் ஒன்றைக் கொடுத்தோம். எல்லாம் கூகுள் ஷீட்டில் இருந்ததால் ஒரு எடைக் கணக்கும் போகவில்லை. அவர் மத்தியானமே பெருந்துறை கிளம்பிவிட்டார்.

மெர்ச்சண்டைசர் பக்கம் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பின் பேட்டரி நான்காவது மாதம் உப்பி டச்பேடை மேலே தள்ளியது. கடையில் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பேட்டரி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஷிப்மென்ட் வாரம். அவருக்கு ஸ்டாண்ட்பை கிடையாது. சின்னதைக் கொடுத்தால் வாங்கவே மாட்டேன் என்றார். பழைய டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து முடித்தார்.

இன்னொன்று, ஃபேன். இந்த நான்கும் தையல் பிரிவுக்குள் அடிக்கடி போய் வருகின்றன. அங்கே நூல் ஊத வைத்திருக்கும் ஏர் கன்னால் ஒருவர் லேப்டாப்பை ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து ஓடிப் போய் நிறுத்தினேன். அந்த லைனில் ஈரமும் ஆயிலும் சேர்ந்தே வரும். அந்த வேகத்தில் ஃபேன் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். பவரை நிறுத்தி, ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சின்ன ஊதியால்தான் ஊத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை நானே வந்து செய்வது என்று ஏற்பாடு.

மறுபடி செய்வதானால்

ஒன்பதை ஒரே நாளில் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இரண்டு வாங்கி, ஒன்றைப் பெருந்துறை போகிறவரிடமும் ஒன்றைப் பெரிய எக்செல் வைத்திருக்கிறவரிடமும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் மேலே எழுதியதில் முக்கால்வாசி அப்போதே தெரிந்திருக்கும். கடையில் நின்று பார்த்தால் தெரியாது. கடையில் யாரும் மூட்டைமேல் வைத்து டைப் செய்து பார்ப்பதில்லை.

அடுத்த முறை வெளியில் சுற்றுகிறவர்களுக்கு வாங்கும்போது மூன்றைத்தான் பார்ப்போம்: ஃபேன் இல்லாமல் இருக்க வேண்டும், டைப்-சியில் சார்ஜ் ஆக வேண்டும், 8 ஜிபி ராமும் 128 ஜிபி சேமிப்பும் இருக்க வேண்டும். சிப்பின் பெயர் பின்னால் வரட்டும். திரை 11.6ஆ 12ஆ என்பதில் அவர்களுக்கே அக்கறையில்லை, கேட்டுப் பார்த்தாயிற்று. மெர்ச்சண்டைசர் பக்கம் நான்குக்கு ஐந்தாக வாங்க வேண்டும், அந்த ஐந்தாவது பீரோவில் சார்ஜ் ஏறிய நிலையில் இருக்க வேண்டும். ஆர்டர் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு.

அந்த ஐந்தாவதை 2025 ஆகஸ்டிலேயே வாங்குவதாக இருந்தது. மாதக் கடைசியில் அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்து, கையில் இருந்த ஆர்டர்களில் பாதி நின்றுபோனதும் புதுச் செலவு எல்லாவற்றையும் ஓனர் நிறுத்திவைத்தார். இப்போதைக்கு, உப்பிய பேட்டரியை மாற்றிய லேப்டாப்பின் அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.